விடச் சொல்லும்வரை

என் கணவர் காரைத் துடைக்கிற அழகைப் பார்த்தால் அதில் ஏறி உட்காரவே யாருக்கும் கூச்சமாக இருக்கும். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஆரம்பிப்பார். கூரைக்கு ஒரு துணி, கதவுகளுக்கு ஒன்று, சக்கரங்களுக்கு ஒன்று. துணி மாறிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஏழு வருஷத்து வண்டி, கருநீலம், ஒரு கீறல் கிடையாது. தெருவில் அவருக்குப் பாலிஷ்காரர் என்றே பெயர். துடைப்பது அவர், ஓட்டுவது நான்.

மலைமேல் இருக்கும் முதியோர் இல்லத்தில் நான் நர்ஸ். சாயங்காலம் இறங்கும்போது பதினோரு வளைவுகள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, வழக்கம்போல் இல்லத்துச் சமையல்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒன்பதாவது வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் சொதசொதவென்று அடிவரைக்கும் போய்விட்டது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, எப்படியோ நிறுத்தினேன். கல்சுவருக்கும் பம்பருக்கும் நடுவே இரண்டு விரல் இடம். உயிர் போய்த் திரும்பி வந்தது என்பார்களே, அது சும்மா பேச்சில்லை. சமையல்காரம்மா இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தே போய்விட்டார்.

போன் பண்ணி நாற்பது நிமிஷம் கழித்து இவர் வந்தார். முதலில் பம்பரைத் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். வண்டியில் ஏறிப் பெடலை மிதித்தார். அது கல் மாதிரி நின்றது.

"நல்லாத்தானே இருக்கு. நீ பதட்டத்துல வேற எதையாவது மிதிச்சிருப்பே."

இருபத்தாறு வருஷம் ஊசி போட்ட கை எனக்கு. எந்தக் கால் எதை மிதித்தது என்று தெரியாதா? சுவர் செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்தது. அதற்குப் பிறகு நான் வண்டியைத் தொடவில்லை, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனேன். இவரோ போகிற வருகிறவர்களிடமெல்லாம், "பாவம், பயந்துட்டா, ஓட்டறதையே விட்டுட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஒரு ஒர்க்‌ஷாப். ஒரு நாள் அங்கே போய் நடந்ததைச் சொன்னேன். மெக்கானிக் கேட்டது ஒரே கேள்வி.

"பிரேக் ஆயில் கடைசியா எப்பம்மா மாத்தினீங்க?"

"மாத்தினதே இல்லை."

அவர் சிரிக்கவில்லை. அந்த ஆயில் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை உறிஞ்சுமாம். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டுமாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது, உள்ளே இருக்கிற தண்ணீர் கொதித்துக் குமிழாகிவிடும். பெடலை மிதித்தால் குமிழ்தான் நசுங்கும், சக்கரம் நிற்காது. ஆறிப்போனால் குமிழ் மறைந்துவிடும், பெடல் பழையபடி கெட்டியாகிவிடும்.

"அதனாலதான் உங்க வீட்டுக்காரருக்குத் தெரியலை" என்றார்.

அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. சலைன் குழாயில் குமிழ் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பே. இது எனக்குப் புரியாமல் யாருக்குப் புரியும்?

வீட்டில் சொன்னேன். இவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அஞ்சு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் கதவில் நகக்கீறல் போட்டுவிட்டானாம், அதை இவர் தேய்த்துத் தேய்த்தே போக்கினாராம். அன்றிலிருந்து இன்ஜின் ஆயில், ஃபில்டர் எல்லாம் இவரே மாற்றுவார். பிரேக் ஆயில் மட்டும் கூடாது.

"அது மூடிக் கிடக்கற சமாச்சாரம். ஒரு சொட்டு குறையலை. அதுல எதுக்குக் கை வைக்கணும்?"

உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். அந்த ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் பெயின்ட் உரிந்துவிடும். அதை எங்கேயோ படித்துவிட்டார், மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது.

நான் ஒற்றைக் காலில் நின்றேன். இரண்டு டப்பா புது ஆயில் வாங்கினேன். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் திறக்க மெக்கானிக்கிடம் ஒரு ஸ்பேனரை இரவல் வாங்கினேன். ஆயில் வடிவதற்குச் சலைன் குழாய் ஒரு முழம் என்னிடமே இருந்தது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, இவர் துணிகளோடு வெளியே வரும்போது வண்டி ஜாக்கி ஸ்டாண்டுகளின் மேல் நின்றது.

"இது ரெண்டு ஆள் வேலை. ஒருத்தர் பெடலை மிதிக்கணும். நீங்க உக்காருங்க, இல்லைன்னா பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிடறேன். அவர் செருப்போடதான் ஏறுவார்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஏறும் முன்னால் தன்னுடைய மெத்தென்ற துணி ஒன்றை மடித்து, முன்பக்கத்து மட்கார்டு மேல் விரித்தார். டப்பாவை அதன்மேல்தான் வைக்க வேண்டுமாம். சரி என்றேன்.

பானெட்டைத் திறந்து, பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சினேன். கறுப்புக் காப்பி நிறம். கண்ணாடி டம்ளரில் ஊற்றி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். பக்கத்தில் புது ஆயில், தேன் நிறம். பார்த்துவிட்டு ஸ்டியரிங் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. 'மிதிங்க'ன்னா மிதிக்கணும். நான் ஸ்க்ரூவைத் திறந்ததும் பெடல் அடிவரைக்கும் போகும். அப்படியே பிடிச்சுக்கணும். நான் மூடிட்டு 'விடுங்க'ன்னு சொன்னப்புறம்தான் காலை எடுக்கணும். முன்னாடியே எடுத்தா காத்து உள்ள போயிடும், எல்லாம் முதல்லேர்ந்து."

தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பித்தேன். மிதிங்க. பிடிங்க. விடுங்க. கறுப்பு வடிந்து, பழுப்பாகி, தேனாக வரும்வரைக்கும் பதினைந்து தடவை. நடுநடுவே எழுந்துபோய் ஆயிலை நிரப்பினேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் பேச்சை இவர் இவ்வளவு நேரம் தொடர்ந்து கேட்டதே இல்லை. அது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இரண்டாவது சக்கரத்தில் ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தது. முட்டி மோதித் திறந்துவிட்டேன், ஆயில் வடிந்தது, பெடல் அடிக்குப் போனது. மூடப் போனால் ஸ்பேனர் வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஸ்க்ரூவின் தலை மழுங்கிவிட்டது.

"விடாதீங்க. ஸ்பேனர் பிடிக்கலை."

"ம்."

மல்லாந்தபடியே கையால் துழாவிப் பிளையரை எடுத்தேன். கவ்வியது, நழுவியது. நான் இழுத்த இழுப்பில் வண்டியே ஆடியது. முன்பக்கம் ஏதோ தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது.

"சீக்கிரம்" என்றார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஒரு காலை அஞ்சு நிமிஷம் வச்சிருக்க முடியாதா உங்களால?"

"வச்சிருக்கேன். நீ பாரு."

பிளையரைத் துணி சுற்றிக் கவ்வி, பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினேன். அஞ்சு நிமிஷத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். கடைசியில் இறுகியது.

"விடுங்க."

கதவு திறந்ததுதான் தெரியும். தண்ணீர்க் குழாயோடு ஓடினார். நான் எழுந்து முன்னால் போய்ப் பார்த்தேன். அவர் விரித்த மெத்தென்ற துணி வழுக்கிவிட்டிருந்தது. நான் சரியாக மூடாமல் வைத்த டப்பா தரையில் கிடந்தது. அரை டப்பா ஆயில் மட்கார்டிலிருந்து கதவுவரை வழிந்திருந்தது. அவர் முகத்துக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில்.

தண்ணீர் ஓட ஓட, அந்தக் கருநீலம் பால் கலந்த மாதிரி மங்கிக்கொண்டே போனது. திட்டுவார் என்று காத்திருந்தேன். குழாயை மூடினார். மரத்துப்போன காலை ஒரு தடவை உதறிக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு சக்கரம் இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

இரண்டாவது டப்பாவை உடைத்து முடித்தோம். அந்த மழுங்கின ஸ்க்ரூவை மெக்கானிக்கே வந்து மாற்றி, அந்தச் சக்கரத்தில் மறுபடி காற்று எடுத்துக் கொடுத்தார். அவர் வண்டியில் ஏறியபோது இவர் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை.

மத்தியானம் மலைக்குப் போனோம். நான் ஓட்டினேன், இவர் பக்கத்தில். ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கினேன். வேண்டுமென்றே பிரேக்கை மிதித்து மிதித்துச் சூடேற்றினேன். கருகிய வாசனை உள்ளேவரை வந்தது. பெடல் கடைசிவரைக்கும் கெட்டியாக நின்றது. ஒன்பதாவது வளைவில், அந்தச் சுவர் ஓரமாக நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய்ச் சுவரைப் பார்த்தார்.

"அன்னிக்கு எவ்வளவு இடம் இருந்துச்சு?"

மூன்று வாரத்தில் அதை அவர் கேட்டது அப்போதுதான். இரண்டு விரலைக் காட்டினேன். அவரும் தன் இரண்டு விரலைச் சுவரில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் அந்த விரல்களை எடுக்கவே இல்லை.

"சமையல்காரம்மாகிட்ட நானே பேசறேன்" என்றார். "தப்பு வண்டி மேலதான், ஓட்டினவ மேல இல்லைன்னு சொல்லணும்."

மட்கார்டைப் பார்த்தேன். பெயின்ட் அதற்குள் சுருங்கி, ஓரமெல்லாம் உரிய ஆரம்பித்திருந்தது.

"டப்பா விழுந்ததை நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? காலை எடுத்துட்டு ஒரு வாளித் தண்ணி ஊத்தியிருந்தா தப்பிச்சிருக்குமே. மிஞ்சிப் போனா அந்த ஒரு சக்கரத்தை மறுபடி பண்ணியிருப்போம்."

"தெரியும்" என்றார். "நீ விடச் சொல்லலையே."