சொந்தச் சுவர்

சோபாவை ஒருபக்கமாகத் தூக்கிச் சுவரோரம் நகர்த்திவிட்டு, மருமகள் முன்னறையின் நடுவில் நின்று இடத்தைக் கண்ணால் அளந்தாள். ஆறடி போதும். மாமனார் அவ்வளவு உயரமில்லை.

காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது. உடலை நான்கு மணிக்குக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாமியார் அங்கேயே இருந்தார். கணவன் வெளிநாட்டில் வேலை பார்ப்பவன்; நாளை மதியத்துக்குள் வந்து சேர்ந்தால் பெரிது. அதுவரை வீட்டில் ஆக வேண்டியதெல்லாம் இவள் ஒருத்தி தலையில்.

மணி ஒன்றரை. வெளியே நாலு நாற்காலி போடலாமென்று முன்கதவைத் திறந்தாள். நேற்று மாலை மாமனாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடும்போது பூட்டிய கதவு அது. திரும்பி வந்தவள் பின்சந்து வழியாகச் சமையலறைக்குள் நுழைந்திருந்தாள்.

தெருவைப் பார்த்த மதில் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் இரண்டு வரி எழுதியிருந்தது. முதல் வரி, இந்த வீட்டுக்காரர்கள் எந்த ஜனம் என்பதை ஒரு கெட்ட வார்த்தையால் சொன்னது. இரண்டாம் வரி, அந்த ஜனத்தை என்ன செய்ய வேண்டும் என்று சொன்னது.

இவ்வளவு நேரமாகியும் அக்கம்பக்கத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்காதது ஏன் என்று அவளுக்கு இப்போது புரிந்தது. எழுதியவர்கள் அவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. இதைத் தாண்டி வந்து துக்கம் விசாரிக்கக் கூசியிருப்பார்கள். எதிர்வீட்டு ஜன்னல் திரை ஒருமுறை அசைந்து நின்றது.

துணியும் மண்ணெண்ணெயும் எடுக்கப் போனவள் பாதியில் நின்றுவிட்டாள்.

மாமனார் நகராட்சியில் சுவர் பூசும் வேலை பார்த்தவர். ஊரில் ஒரு ஜனத்தை இன்னொரு ஜனம் ஏசி எழுதினால் அதைக் கவனிக்கப் போலீஸ், நகராட்சி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி நான்கும் சேர்ந்து ஒரு பிரிவு வைத்திருந்தன. போலீஸ் முதலில் வந்து படமெடுக்கும். எழுதியது மாணவர் கையா என்று பள்ளிக்கூடத்தில் பார்த்துச் சொல்வார்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும். கடைசியில் மாமனார் போவார். சுவரின் நிறத்துக்கு அச்சு அசலாகப் பெயின்ட் கலந்து, ஒட்டுத் தெரியாமல் பூசிவிட்டு வருவார். பதினொரு வருஷமாக இதுதான் அவர் வேலை. ஒருமுறை ஒரு மருந்துக்கடைக்காரர் போலீஸ் வருவதற்குள் தானே துடைத்துவிட்டார். அன்றைக்கு இரவுச் சாப்பாடு முழுக்க அதே பேச்சு.

"கேட்டேன் அந்த ஆளை. நீங்களே துடைச்சுட்டா நடக்கவே இல்லைன்னு ஆயிடும்யா, அடுத்த தடவை யாருகிட்டப் போய் நிப்பீங்கன்னு."

அவள் அந்தப் பிரிவுக்கே போன் செய்தாள். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார்.

"யாருக்காவது அடிபட்டிருக்காம்மா?"

"இல்ல சார். வீட்டுல ஒரு சாவு. நாலு மணிக்குள்ள அழிச்சாகணும்."

"அடடா. இதுக்கு முன்னாடி உங்க சுவத்துல எழுதியிருக்காங்களா?"

"இல்ல."

வீட்டு முகவரியை எழுதிக்கொண்டார். "போலீஸ் இப்ப வந்துடும். பூசற ஆளுக்கும் மெசேஜ் போயிடும். தங்கமான மனுஷன்மா, சொன்ன நேரத்துக்கு வந்து நிப்பார். நீங்க கவலைப்படாதீங்க."

அவள் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார். அலமாரியில் மாமனார் விட்டுப்போன கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தாள். அவர்கள் தெருவின் பெயர், அவர்கள் வீட்டு எண், பக்கத்தில் 'அவசரம்'. கீழே இரண்டு கட்டங்கள்: 'ஏற்கிறேன்', 'இயலாது'. இரண்டாவதை அழுத்த விரல் போகவில்லை. மாமனார் அதை ஒருநாளும் அழுத்தியதில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினாள்.

பத்து நிமிஷத்தில் ஸ்கூட்டரில் ஒரு பெண் போலீஸ் வந்து இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"எங்க நம்ம பூச்சுக்காரர்? ஏத்துக்கிட்டேன்னு வந்துச்சே. எப்பவும் எனக்கு முன்னாடி வந்து நின்னுக்கிட்டு, என்னம்மா, வழியில தூங்கிட்டியாம்பார். இன்னிக்குத்தான் நான் முந்தியிருக்கேன். ஒரு டீயாவது வாங்கணும் அண்ணன்கிட்ட."

"மேடம், இது அவர் வீடுதான்."

"அவர் வீடா? அப்ப உள்ளதான் இருக்காரா? கூப்பிடுங்க."

"காலையில ஆஸ்பத்திரியில தவறிட்டார். நான் அவர் மருமக."

போலீஸ்காரி ஹெல்மெட்டைக் கழற்றினாள். எங்கே வைப்பதென்று தெரியாதவள் போலக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை ஸ்கூட்டரில் மாட்டிவிட்டு, சுவரைத் தூரத்திலிருந்து ஒரு படம், கிட்டத்திலிருந்து இரண்டு படம் எடுத்தாள். ஒன்று ஆடிப்போயிருந்தது. மறுபடி எடுத்தாள்.

"அத்தை கண்ணுல இது படக்கூடாது மேடம்."

"படாது."

படத்தைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். டீச்சரின் குரல் வெளியே கேட்டது. "எங்க பசங்க கை இல்ல. வயசானவங்க எழுத்து. யார் வீடு?" போலீஸ்காரி சொன்னாள். அடுத்து ஆஸ்பத்திரிக்கு. அங்கே பிரிவுக்குப் பொறுப்பான நர்ஸ் ஒருத்தி இருந்தாள்.

"வண்டியைக் கொஞ்சம் தாமதப்படுத்த முடியுமா சிஸ்டர்?"

"ஒரு கையெழுத்து பாக்கி இருக்குன்னு அந்தம்மாவை உக்கார வைக்கிறேன். பொய்தான். சாமி கணக்குல எடுத்துக்காது."

பின்பக்கக் கொட்டகையில் மாமனாரின் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: தபால் ஆபீஸ், பாலத்தடி, மருந்துக்கடை, பெண்கள் பள்ளி. எதையாவது கலந்து வெள்ளையாக அடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே நகர்த்தியவளின் கை, கடைசியில் ஒதுக்கி வைத்திருந்த டப்பாவில் நின்றது. சீட்டில் 'நம்ம வீடு' என்று இருந்தது.

போலீஸ்காரி ஸ்குரூடிரைவரால் மூடியை நெம்பினாள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத்தான் மிச்சம். விளிம்பில் வழிந்திருந்தது இன்னும் முழுசாகக் காயாமல் விரலில் ஒட்டியது.

"வீட்டுக்கு எப்ப பெயின்ட் அடிச்சீங்க?"

"நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அடிக்கவே இல்ல."

இருவரும் வாசலுக்கு வந்தார்கள். போலீஸ்காரி எழுத்தின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்துப் பெயர்த்தாள். தடித்த தோலாக உரிந்து வந்தது. உரிந்த ஓரத்தில், மேலிருந்த எழுத்துக்கு அடியில் அடுக்கடுக்காகச் சுவரின் நிறம், சிவப்பு, சுவரின் நிறம், கறுப்பு, மறுபடி சுவரின் நிறம்.

மாமனார் தினமும் ஐந்து மணிக்கு நடக்கப் போவார். திரும்பி வந்து நெடுநேரம் கை கழுவுவார். நகக்கண்ணில் பெயின்ட் இருக்கும். அது வேலையில் ஒட்டியது என்றே அவள் நினைத்திருந்தாள். இன்று காலை ஐந்து மணிக்கு அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார்.

"ஊருக்கெல்லாம் அவ்வளவு சொல்லுவாரே," என்றாள் போலீஸ்காரி. "ஒரு போன் பண்ணியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டோமா?"

ஊரிலுள்ள அத்தனை பேர் வீட்டுக்கும் போய் நின்ற மனிதர், தன் வீட்டு வாசலில் இருட்டில் தனியாக நின்று பூசியதை மருமகள் நினைத்துப் பார்த்தாள். அதே சுவருக்கு உள்பக்கம் அவள் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

போலீஸ்காரி பதிவுத் தாளை எடுத்தாள். "முன்னாடி நடந்திருக்கான்னு கேட்டதுக்கு இல்லைன்னு பதிவாகியிருக்கு. அப்படியே விட்டுடலாம். ஆமான்னு போட்டா, அவரே ஏன் சொல்லலைன்னு நாளைக்குப் பிரிவுக் கூட்டத்துல பேச்சு வரும். உங்க இஷ்டம்."

அவர் மறைத்ததை அவர் வீடு வந்து சேர்வதற்குள் எடுத்துச் சொல்ல வேண்டும். அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த மருந்துக்கடைக்காரரிடம் அவர் கேட்ட கேள்வியும் அவருடையதுதான்.

"ஆமான்னு போடுங்க."

"எத்தனை தடவை?"

"தெரியல. தெரியலைன்னே எழுதிக்குங்க."

போலீஸ்காரி எழுதினாள். பிறகு சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு ஒரு பிரஷ்ஷை எடுத்தாள். கீழ்வரி அவளுக்கு, மேல்வரி மருமகளுக்கு. சிவப்பு இலேசில் அடங்கவில்லை. முதல் பூச்சில் இளஞ்சிவப்பாகக் கசிந்து வந்தது. டப்பாவைக் கவிழ்த்துச் சுரண்டி இரண்டாவது பூச்சு கொடுத்தார்கள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டுக்காரர் ஒரு மேசை ஃபேனைத் தூக்கிக்கொண்டு, நீளமான வயரைத் தெருவுக்குக் குறுக்கே இழுத்தபடி வந்தார். ஃபேனைச் சுவரைப் பார்த்து வைத்துச் சுழலவிட்டார்.

"காத்து பட்டா சீக்கிரம் காயும்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "காலையிலேயே வரணும்னுதான் இருந்தேன்" என்றார்.

"பரவாயில்லைங்க. நாற்காலி எடுத்துப் போடணும். கொஞ்சம் வர்றீங்களா?"

அவர் அவளுக்கு முன்னால் உள்ளே போனார்.

நாலு இருபதுக்கு வண்டி தெருமுனையில் திரும்பியது. எதிர்வீட்டுக்காரர் வயரைச் சுருட்டி ஃபேனை எடுத்துக்கொண்டார். போலீஸ்காரி பிரஷ்களைக் காகிதத்தில் சுற்றி ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டாள். சுவரில் எங்கே எழுத்து இருந்தது என்று பூசியவர்களாலேயே சொல்ல முடியவில்லை.

ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். பின்னால் மாமியார் இறங்கினார். அவர் கண்கள் துணியால் மூடிய முகத்தை விட்டு அகலவில்லை. மருமகள் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டாள். மதிலை ஒட்டி மெதுவாக நடந்தார்கள்.

சுவரின் அந்த இடம் வந்ததும், மாமியார் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கை மட்டும், பல நாள் பழக்கம்போலத் தானாகப் போய், சுவரில் உரசிப் பெயின்ட் ஒட்டிவிடாமல் முந்தானையைச் சேர்த்துச் சுருட்டி இடுப்போடு பிடித்துக்கொண்டது. கேட்டைத் தாண்டியதும் விட்டார்.