இரண்டாவது துவாய்

கண்ணாடிக் கதவைத் திறந்ததும் நொச்சி மணத்தது. சுஜிதன் கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றான். உள்ளே, மர ஆசனத்தின் மூலையில் ஒரு பிடி நொச்சிக் குழை, நூலால் கட்டியபடி கிடந்தது. சூட்டில் இலைகள் சுருண்டு விளிம்பு கறுத்திருந்தன. மணம் மட்டும் பச்சையாக நின்றது.

"நான்தான் வைச்சனான் தம்பி," என்றார் பின்னால் நின்ற தம்பிராசா. தீவுப் பக்கம் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். கிளச் மிதித்தே இடது முழங்கால் தேய்ந்துபோனது என்று வருகிற எல்லோருக்கும் சொல்லுவார். பெட்டி வந்த நாளிலிருந்து காலையில் முதல் ஆள் அவர்தான். "வேது எண்டால் நொச்சி இருக்கவேணும். கனடாக்காரருக்கு நொச்சி தெரியாது. அதால வெறும் பெட்டியை அனுப்பிப்போட்டாங்கள்."

"இது வேது இல்லை அண்ணை. இதில ஆவி வாறேல்லை."

"வேர்க்குதோ இல்லையோ?"

"வேர்க்கும்."

"பிறகென்ன, வேதுதான்."

சுஜிதன் குழையை எடுத்துப்போய் வேலியோரம் எறிந்தான். குழாயடியில் இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினான். மணம் போகவில்லை.

ஆளை உள்ளே இருத்தி வேர்க்கவைக்கிற இந்த அகச்சிவப்பு சோனாப் பெட்டி போன மாதம் கப்பலில் வந்தது. அனுப்பியவன் கணநாதன், பவதாரணியின் தம்பி, ரொறன்ரோவில் இருக்கிறான். மண்கும்பானில் வீதியோரம் அவன் கட்டிய வீட்டின் கீழ்த்தளம்தான் இந்த ஜிம். அக்கா செத்த பிறகு பெயர்ப்பலகையைக் கழற்றச் சொல்லி அவளுடைய பெயரையே போடுவித்தான். சுஜிதன் தினமும் தன் மனைவியின் பெயருக்குக் கீழே நின்று சாவி போடுகிறான். "எக்ஸசைஸ் பாதிதான் அத்தான்," என்று கணநாதன் வீடியோவில் விளங்கப்படுத்தினான். "அதுக்குப் பிறகு தசை ஆறவேணும். இஞ்ச இப்ப எல்லா ஜிம்மிலயும் இது இருக்கு. ரிகவரி." சுஜிதன் ஓம் என்றான். பதினொரு மாதமாக அவன் யார் எதைச் சொன்னாலும் ஓம் என்றுதான் சொல்லிவருகிறான்.

பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவன். அகச்சிவப்பு என்றால் என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நெருப்பில்லை, கல்லில்லை, நீராவியில்லை. சுவருக்குள் பதித்த பலகைகளிலிருந்து வெப்பம் கண்ணுக்குத் தெரியாமல் வந்து உடம்பில் ஏறும். சிவப்பு வெளிச்சம் வெறும் அலங்காரம். முதல் நாள் அறுபது பாகையில் வைத்து அரை மணித்தியாலம் அவனே உள்ளே இருந்து பார்த்தான். தோல் சுட்டது. ஒரு துளி வேர்க்கவில்லை. வெளியே வந்தபோது தம்பிராசா அவன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னடாப்பா, கருவாடே நீர்?" என்று சிரித்தார். அவனும் சிரித்தான். சிரிப்பதும் ஓம் சொல்வது போலத்தான்.

பெட்டி இருவருக்கு அளவானது. ஒருவர் வந்தாலும் அவன் இரண்டு துவாய் விரித்துவைப்பான். வாசல் பக்கம் ஒன்று, சுவர்ப் பக்கம் ஒன்று. ஏனென்று யாரும் கேட்கவில்லை. பவதாரணி எப்போதும் சுவர்ப் பக்கம்தான் படுப்பாள். சில காலைகளில் அந்தத் துவாய் ஈரமாயிருந்தது. மற்றது காய்ந்திருந்தது. மழைக்காலம், காற்றில் ஈரம் என்று நினைத்துக்கொண்டு இரண்டையும் தோய்த்துப் போட்டான்.

சுவரில் அவனே எழுதி ஒட்டிய அறிவித்தல் இருந்தது. முப்பது நிமிடம் மட்டும். தண்ணீர் குடித்துவிட்டுப் போகவும். கைத்தொலைபேசி கொண்டுபோக வேண்டாம். காய்ச்சல் உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது. கடைசி வரியை எழுதும்போது பேனை ஒருமுறை நின்றது. பிறகு எழுதியது.

தை மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் அனலாகக் காய்ந்தாள். பனடோல் கொடுத்தான். வளவில் நின்ற நொச்சியை முறித்து அவித்து, போர்வையால் மூடி வேது பிடிப்பித்தான். போர்வைக்குள்ளிருந்து, "என்னை அவிச்சு எடுத்துப் பிட்டோட சாப்பிடப் போறியளோ?" என்று கேட்டாள். நாலாம் நாள் விடியப்புறம் அவளுக்கு வேர்த்தது. நெற்றி, கழுத்து, உள்ளங்கை எல்லாம் நனைந்து குளிர்ந்திருந்தன. அவன் மகிழ்ந்துபோனான். மாமி சறோஜினிதேவிக்கு ரெலிபோன் எடுத்து, "காய்ச்சல் விட்டிட்டுது," என்றான். மாமி நயினாதீவு அம்மனுக்கு வைத்த நேர்த்தியைச் சொல்லி அழுதாள். வயிறு நோகுது என்றாள் பவதாரணி. மூன்று நாள் வெறும் வயிறுதானே என்று கஞ்சி வைத்துக் கொடுத்து, போர்வையை இழுத்துவிட்டு, ஜிம்மைத் திறக்க வந்துவிட்டான். அன்று முழுவதும் இங்கே நின்றான். பொழுதுபட வீட்டுக்குப் போனபோது அவள் வாய் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்: "காய்ச்சல் எப்ப விட்டது?"

"இப்பதான், பின்னேரம்," என்றான்.

அது ஏன் வாயில் வந்ததென்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம், அந்த மணித்தியாலங்களை எண்ணித்தான் மருந்து செய்வார்கள் என்பதைப் பிறகுதான் வாசித்து அறிந்தான். விடிய அவள் போய்விட்டாள். ஊர் டெங்கு என்றது. அதற்குமேல் ஒருவரும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணியிருக்கும். மழை விட்டிருந்தது. வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. தம்பிராசா இறங்கி மகளைக் கைபிடித்து இறக்கினார். சிவப்பிரியா பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறாள். பெண்கள் நேரத்தில் ஜிம்முக்கு வருகிறவள்தான். இன்றைக்குத் தலை வாராமல், சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். தம்பிராசாவின் மற்றக் கையில் நொச்சிக் குழை.

"நாலு நாள் காய்ச்சல் தம்பி. நேற்றுப் பின்னேரம் விட்டிட்டுது. ஆனாப் பிள்ளைக்கு உசார் இல்லை. ஒருக்கா உள்ள இருத்தி எடுத்தால் கிடக்கிறதும் வேர்த்துப் போயிடும்." சொல்லிக்கொண்டே போய் பெட்டியின் ஆளியை அவரே அழுத்தினார். கண்ணாடிக்குள் சிவந்தது.

"ஏலாது அண்ணை. காய்ச்சல்காரர் உள்ள போகக் கூடாது."

"காய்ச்சல் உள்ள ஆக்கள் எண்டுதானே நீர் எழுதியிருக்கிறீர்? இவளுக்குத்தான் விட்டிட்டுதே. தொட்டுப் பாரும்."

சுஜிதன் தொடவில்லை. அவள் கதிரையில் இருந்து வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டாள். "சத்தி வருது அப்பா," என்று வாயைப் பொத்தினாள். மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது. அப்போது தொட்டான். உள்ளங்கை நனைந்து, கிணற்றடிக் கல் போலக் குளிர்ந்திருந்தது. அந்தக் குளிர் அவனுக்குத் தெரிந்த குளிர். அது அவன் கையை விட்டு ஒருநாளும் போகவில்லை.

"அண்ணை, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. இப்பவே."

"விட்ட காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியோ? நீர் என்ன டொக்டரே? தர விருப்பமில்லாட்டி விருப்பமில்லை எண்டு சொல்லும்." தம்பிராசாவின் குரல் உயர்ந்தது. குழையை மேசையில் போட்டார். "எழும்பு பிள்ளை, வீட்டை போவம். அம்மா அடுப்பில வேது போடுவா."

சிவப்பிரியா எழும்பினாள். வாசலைத் தாண்டினார்கள். ஓட்டோக்காரன் இயந்திரத்தை முடுக்கினான். சுஜிதன் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்றான். தொண்டையில் ஓம் மட்டும்தான் இருந்தது. அதை விழுங்கினான்.

"அண்ணை, பவாவுக்கும் வேர்த்தது."

தம்பிராசா திரும்பினார்.

"கை இப்பிடித்தான் குளிர்ந்தது. வயிறு நோகுது எண்டவ. நான் காய்ச்சல் விட்டிட்டுது எண்டு சொல்லிப்போட்டு, இஞ்ச வந்து கதவு திறந்தனான். ஒரு பகல் முழுக்க இஞ்சதான் நிண்டனான். டொக்டர் கேக்க, பின்னேரம்தான் விட்டது எண்டு பொய் சொன்னனான்."

தம்பிராசா பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"ஏறு பிள்ளை," என்றார்.

"நேற்று எத்தினை மணிக்கு விட்டது எண்டு டொக்டரிட்டைச் சரியாச் சொல்லுங்கோ. மாத்திச் சொல்லாதேங்கோ," என்றான் சுஜிதன்.

"நாலு மணி," என்றாள் சிவப்பிரியா உள்ளிருந்து. "அப்பா தேத்தண்ணி கொண்டுவந்த நேரம்."

"நீரும் வாருமன் தம்பி."

சுஜிதன் ஓட்டோவை விட்டு விலகி நின்றான். பண்ணைப் பாலத்தை அவன் கடந்து பதினொரு மாதம். அன்று போகும்போது ஆளோடு போனான். திரும்பும்போது சவப்பெட்டியோடு வந்தான். ஓட்டோ யாழ்ப்பாணப் பக்கம் திரும்பி, வெள்ளம் நின்ற பள்ளத்தில் சரிந்து நிமிர்ந்து மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு கதவைச் சாத்தினான். பெட்டி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைக்கத்தான் போனான். அலுமாரியிலிருந்து தோய்த்துக் காய்ந்த துவாய் இரண்டை எடுத்து, வாசல் பக்கம் ஒன்றும் சுவர்ப் பக்கம் ஒன்றுமாக விரித்தான். போட்ட சேட்டோடு, கையில் கைத்தொலைபேசியோடு உள்ளே போய் வாசல் பக்கம் இருந்தான்.

கண்ணாடி அவனைச் சிவப்பாகக் காட்டியது. மேசையில் கிடந்த நொச்சி இங்கேயும் மணத்தது. கண்ணாடிக் கதவு இறுக்கமாகத்தான் சாத்தியிருந்தது. எவ்வளவு நேரம் என்று அவன் பார்க்கவில்லை. காதுக்குப் பின்னால் ஏதோ ஊர்ந்தது. எறும்பென்று தட்டினான். விரல் ஈரமானது. கழுத்தால் இறங்கியது, நெஞ்சால் இறங்கியது, சேட் உடம்போடு ஒட்டியது. புருவத்தால் வழிந்து கண்ணுக்குள் கரித்தது. அவன் துடைக்கவில்லை.

கைத்தொலைபேசி அதிர்ந்தது. தம்பிராசா அண்ணை என்று எழுத்து எரிந்தது. பெருவிரலால் இழுத்தான். ஈர விரலைத் திரை ஏற்கவில்லை. மறுபடி இழுத்தான். விரல் வழுக்கிக்கொண்டு போனது. சேட்டில் துடைக்க இடமில்லை. தான் இருந்த துவாய் ஊறிப்போயிருந்தது. பெயர் அணைந்து அணைந்து எரிந்தது. அவன் கையை நீட்டிச் சுவர்ப் பக்கத்துத் துவாயைப் பற்றினான்.

அதுவும் நனைந்திருந்தது.