கைப்பாட்டு

2024 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை காலை, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உள்ள ஓர் இரும்பு உருக்காலையில், மின்பெட்டியைத் திறந்த ஜோஷ்வா என்ற ஒப்பந்தத் தொழிலாளி மின்சாரம் தாக்கி இறந்தார். வயது இருபத்தொன்பது.

உடல் ஆரம்பாக்கத்தை அடுத்த பாலேரிமேட்டுக்குக் கம்பெனி வேனில் வந்தது. பெட்டியும் கம்பெனி வாங்கியதுதான். கோட்டு, சாக்ஸ், வெள்ளைக் கையுறை எல்லாம் அங்கேயே போட்டுவிட்டிருந்தார்கள். நெஞ்சுவலி என்றார்கள். வேனுக்கு முன்னால் பைக்கில் வந்து ஜோஷ்வாவின் தாய் கங்கம்மாவிடம் அதைச் சொன்னவன் ஊராட்சித் தலைவர் ராஜமாணிக்கம். அந்த ஆலைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தம் அவனுடையது.

ஊரில் சாவு விழுந்தால் பாட்டுக் கட்டிப் பாடுவது ராஜமாணிக்கத்தின் மனைவி ஏஞ்சல். அவள் பாட்டு தலைமுடியில் தொடங்கிக் கால்விரலில் முடியும். கைக்கு வரும்போது பெற்றவள் கையுறையைக் கழற்றிப் பிள்ளையின் வெறுங்கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். பாலேரிமேட்டில் அந்த வழக்கம் தவறியதில்லை. கம்பெனிக்காரர்களுக்கு இது தெரியாது. ராஜமாணிக்கத்துக்குத் தெரியும்.

2019 தேர்தலில் ஆட்டோவில் ஒலித்த அவள் பாட்டில்தான் அவன் ஜெயித்தான். அதன்பிறகு தண்ணீர்த்தொட்டி திறப்புக்கும் சிமெண்டு ரோட்டுக்கும் அவள் பாட்டு எழுதினாள், அவன் பிடிக்காத வரிகளைப் பேனாவால் அடித்தான். ஏரி கறுத்துப்போனதைப் பற்றி அவன் அடித்த ஒரு வரியை அவள் மேடையில் பாடிவிட்டாள். அன்று வீட்டில் அவள் இடது கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. மாவு மெஷினில் மாட்டிக்கொண்டதாக ஊரில் சொன்னாள்.

ஜோஷ்வாவோடு அதே ஷிப்டில் இருந்த குணா, ஏஞ்சல் பாட்டுக்கு டோலக் வாசிப்பவன், அவள் வீட்டுப் பின்பக்கமாக வந்தான்.

"யக்கா, நெஞ்சுவலியும் இல்ல ஒரு மயிரும் இல்ல. பெட்டிய தொறந்தான், பொறி வந்துச்சி. கை ரெண்டும் கரி. நான்தான் இழுத்துப் போட்டேன்."

"கங்கம்மாக்கா கைல சொன்னியா?"

"வாயத் தொறந்தா வேல போச்சின்னு உங்கூட்டுக்காரரு சொல்லிட்டாரே."

அவன் போனதும் ராஜமாணிக்கம் உள்ளே வந்தான்.

"தல பாடு, கண்ணு பாடு, காலு பாடு. கைய வுட்டுரு."

"கையில்லாத புள்ளையவா பெத்துச்சி அந்தம்மா?"

"இன்னாடி, நக்கலா? சாயங்காலத்துக்குள்ள பொதைக்கணும். போலீசு வந்தா எனுக்குத்தான் பேஜாரு."

"ரோட்டுக்குப் பாடுனேன், தொட்டிக்குப் பாடுனேன். இது செத்தவன் பாட்டு. இதுல நீ அடிக்கக் கூடாது தலைவரே."

வீட்டில் அவள் தலைவரே என்று கூப்பிடுவது அவனுக்குப் பிடிக்காது. பெல்ட்டைக் கழற்றினான். கொக்கி அவள் புருவத்தைக் கிழித்தது. கீழே விழுந்தவளை இடுப்பில் மிதித்தான். கை பாடினால் நாக்கை அறுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஏஞ்சல் முகம் கழுவி, புருவத்தில் மஞ்சள் வைத்து அழுத்தி, முக்காடு போட்டுக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனாள்.

மைக் செட் தலைவர் உபயம். நான்கு குழாய் ஒலிபெருக்கிகள். கங்கம்மா பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். ராஜமாணிக்கம் ஏஞ்சலுக்கு இரண்டடி தள்ளி நின்றான். அவள் முடி பாடினாள், கண் பாடினாள்.

"ராவு ஷிப்டு பாத்த கண்ணு
ராசா இன்னும் தூங்காத கண்ணு"

பெண்கள் ஒவ்வொரு வரியையும் வாங்கி இரண்டு முறை பாடினார்கள். வாய் முடிந்தது. குணா வாசிப்பைக் குறைத்து அவளைப் பார்த்தான்.

"கையப் பாரு கையப் பாரு
கங்கம்மா பெத்த கையப் பாரு"

ராஜமாணிக்கம் மைக் ஸ்டாண்டைப் பிடுங்கி அவள் முகத்தில் வீசினான். தாடை உடைந்த சத்தம் நான்கு குழாய்களிலும் கேட்டது. டோலக்கின் தோலில் ரத்தமும் ஒரு பல்லும் விழுந்தன.

"பொட்டிய மூடுங்கடா," என்றான்.

ஆனால் வரி பாடியாகிவிட்டது. பழக்க தோஷத்தில் பெண்கள் அதை ஒருமுறை வாங்கிப் பாடினார்கள். யாரும் அவர்களை நிறுத்தவில்லை. இரண்டாம் முறையும் பாடினார்கள். கங்கம்மா மகனின் வலது கையுறையைப் பிடித்து இழுத்தாள். கையுறையோடு தோலும் வந்தது.

அவள் அழவில்லை. கையுறையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நெஞ்சுவலி கையில வந்துச்சா நைனா?" என்று ராஜமாணிக்கத்தைக் கேட்டாள்.

முதலில் அடித்தவன் குணா. டோலக்காலேயே அடித்தான். பிறகு நாற்காலிகள், செங்கல், பந்தல் கொம்பு. கம்பெனி வேன் எரிந்தது. போலீஸ் வந்தபோது ராஜமாணிக்கத்தின் வலது கண் வெளியே வந்திருந்தது. குணாவையும் இன்னும் பதினோரு பேரையும் கைது செய்தார்கள்.

பிரேதப் பரிசோதனையில் மின்சாரம் தாக்கியது உறுதியானது. ஆலை மீதும் ராஜமாணிக்கம் மீதும் வழக்குப் பதிவானது. ஏஞ்சலின் தாடை இரண்டு இடங்களில் முறிந்திருந்தது. கம்பி வைத்துக் கட்டினார்கள்.

ஜோஷ்வாவைப் புதன்கிழமை மாலை கையுறை இல்லாமல் புதைத்தார்கள்.