அப்பா வைக்காத சொல்

கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது அப்பாவின் சட்டைப் பையில் போன் 'டிங்' என்றது. ரேணுகாதேவி முடிச்சைப் போட்டுவிட்டு அதை எடுத்தாள். அம்மா செல்லக்கிளி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையில் உளுந்துக்காட்டைப் பார்த்துவிட்டு வந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததிலிருந்து அவள் இன்னும் அழவில்லை.

போனில் கட்டம் கட்டமாக இங்கிலீஷ் எழுத்துகள். எழுத்தைக் கோத்துச் சொல் வைக்கிற விளையாட்டு. அப்பா முத்துராஜ் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் வைக்கிற சொல் எதையும் அவள் படித்த புத்தகத்தில் பார்த்ததில்லை. 'ஸ்விங்க்' என்றால் பாடுபடுவதாம். 'யீன்' என்றால் ஆடு குட்டி போடுவதாம். "இங்கிலீஷ்காரனே தூக்கிப் போட்ட சொல்லும்மா, நம்ம பரளச்சி ஊருக்குத்தான் பொருந்துது" என்று சிரிப்பார்.

"எதிராளி யாரும்மா?"

"வேற யாரு, மாரிசெல்வந்தான்."

அண்ணன் மாரிசெல்வம் வேறு சாதியில் கல்யாணம் முடித்தான். "எம்மூஞ்சில முழிக்காதே" என்றார் அப்பா. அவனும் நம்பரை மாற்றிக்கொண்டு மதுரையில் எங்கோ இருக்கிறான். காலையிலிருந்து அந்தப் புது நம்பரைத்தான் ஊரே தேடிக்கொண்டிருக்கிறது.

"இத ஏம்மா அப்பவே சொல்லல?"

"அதுல பேச முடியாதாம்த்தா. அப்பனும் மகனும் பேச்ச அடச்சு வச்சிருக்காக. எழுத்து மட்டுந்தான் போகும், வரும்."

சித்தப்பா மாரிச்சாமி வாசலில் வந்து நின்றார். "பொழுது சாயுது தாயி. நீர்மாலைக்குத் தண்ணி எடுக்கப் போவோம். கொள்ளிய எம்மகன் வைக்கட்டும்."

"அண்ணனுக்குத் தெரியணும் சித்தப்பா."

"எப்படித் தெரியும்? ஆளையும் காணோம், நம்பரையும் காணோம். பெத்தவன் கண்ணை மூடுனது தெரியாம ஒரு புள்ள! நீர்மாலை வந்ததும் தூக்கிருவோம்."

அவர் போனதும் ரேணுகா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஆட்டத்தில் அண்ணன் புள்ளியில் வெகுதூரம் முன்னால் போயிருந்தான். இப்போது அப்பாவின் முறை. 'அப்பா செத்துவிட்டார்' என்று வைக்கக் கையிலிருந்த எழுத்துகள் போதவில்லை. 'வா' என்று வைக்கவும் வழியில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற 'ஹென்'தான் கிடைத்தது. கோழி.

இந்த மாதிரிச் சொல்லை அப்பா தொடமாட்டார். சின்ன வயதில் அண்ணன் பூனை, நாய் என்று வைத்தால், "இத வைக்கிறதுக்கு எந்திரிச்சுப் போயிரலாம்லே" என்பார். உயிர் இருக்கிறவரை அவர் கை கோழியை வைக்காது. அது அவளுக்குத் தெரிந்த மாதிரி அண்ணனுக்கும் தெரியும். தெரியவேண்டும். ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி வைத்தாள்.

கொட்டுச் சத்தத்தோடு நீர்மாலை வந்தது. சித்தப்பா மகன் நனைந்த வேட்டியும் தோளில் கொள்ளி வைக்கிறவன் போடுகிற ஈரத்துண்டுமாகக் குடத்தை இறக்கினான். அப்பாவைக் குளிப்பாட்டினார்கள், மாலை போட்டார்கள். போன் சும்மாவே கிடந்தது. அவன் பஸ்ஸில் போகிறானோ, வேலையில் இருக்கிறானோ, பார்க்காமலே விட்டுவிடுவானோ என்று அவள் போனையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். நாலு பேர் குனிந்து பாடையைப் பிடித்தார்கள்.

'டிங்.'

எதிராளி ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டதாக இங்கிலீஷில் இருந்தது.

"சித்தப்பா, பொறுங்க! அவனுக்குத் தெரிஞ்சுருச்சு!"

"பேசுனானா?"

"இல்ல. ஜெயிக்கிற ஆட்டத்த விட்டுட்டான்."

சித்தப்பா போனை வாங்கித் தூரத்தில் பிடித்து எழுத்துக் கூட்டினார். "என்னத்தா இது, எங்கண்ணே ஜெயிச்சிருக்காருன்னுல்ல போட்டிருக்கு?"

சுவரோரம் இருந்த செல்லக்கிளி எழுந்து வந்தாள். "விட்டுக்குடுத்துட்டானா? எம்புள்ளயா?" என்றாள். இன்னொரு தரம் கேட்டாள். பிறகு அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தாள்.

சித்தப்பா போனை ரேணுகாவிடம் திருப்பிக் கொடுத்தார். "பொறுங்கப்பா," என்றார் பாடையைப் பிடித்தவர்களிடம். "மதுரையில இருந்து வரணும்ல."

பிறகு மகனின் தோளிலிருந்த ஈரத்துண்டை எடுத்துப் பிழிந்து, கொடியில் காயப்போட்டார்.