மூன்றாவது தக்பீர்

அடக்கம் செய்யுமுன் நடக்கும் தன் ஜனாஸா தொழுகையை மகன் ஃபராஸ்தான் முன்னின்று நடத்த வேண்டுமென்று ஷாஹுல் ஹமீது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி நாலு பேர் காதுபடச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

குனிவதில்லை, அமர்வதில்லை. நின்றபடியே நான்கு முறை ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் சொல்ல வேண்டும். இடையிடையே மனசுக்குள் ஓத வேண்டும். மூன்றாவதற்குப் பிறகு, இறந்தவருக்காக மன்னிப்புக் கேட்பது. ஆனால் ஃபராஸுக்கு எண்ணிக்கை தங்காது. அன்றாடத் தொழுகையிலேயே பாதியில் நழுவிப்போகும்; நழுவிவிடுமோ என்ற பயமே அதை நழுவவைக்கும். அங்கே அதற்கு ஈடு உண்டு, கடைசியில் நெற்றி தரையில் பட இரண்டு ஸஜ்தா. ஜனாஸாவில் ஸஜ்தாவே கிடையாது.

அடையாற்றில் பார்த்த டாக்டர் ஏடிஹெச்டி என்றார், கூடவே பதற்றநோய் என்றார். கவனத்தை நிறுத்தும் மாத்திரை நெஞ்சைப் படபடக்க வைத்தது; படபடப்பை அடக்கும் மாத்திரை மண்டைக்குள் பஞ்சை அடைத்தது. “அக்கறையில்லாத பயலுக்கு டாக்டர் வெச்ச பேரு” என்பார் அத்தா. அவரே அவனை முன்னிற்கச் சொன்னது நம்பிக்கையா சோதனையா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. இன்று இரண்டு மாத்திரையையும் மறந்திருந்தான்.

பள்ளிவாசலில் தொழுகைக்குமுன் கைகால் கழுவி ஒளூச் செய்யும்போது அக்கா வஜீஹாவின் கணவன் ஹஸன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“முடியலன்னா சொல்லிடு மாப்ள. பள்ளிவாசல் ஹஜ்ரத் தொழ வெப்பாரு. ஒண்ணும் கொறஞ்சிடாது.”

“அத்தா என்னத்தான வெக்கச் சொன்னாரு மச்சான்.”

“சொன்னாரு. எந்திரிச்சு வந்து எண்ணவா போறாரு?”

ஃபராஸுக்குச் சிரிப்பு வரவில்லை. காலைக் கழுவிவிட்டோமா என்று சந்தேகம் வந்து மறுபடி கழுவினான்.

முன்னே சந்தூக்குப் பெட்டியில் அத்தா. பின்னால் வரிசைகள். முதல் தக்பீர் தெளிவாக வந்தது. இரண்டாவதும் வந்தது. நபிக்கான ஸலவாத்து ஓதிக்கொண்டிருக்கையில் மின்விசிறியின் காற்றில் போர்வை முனை எழுந்து அமர்ந்தது. வீட்டில் ஐஸ்பெட்டியை யார் அணைத்தார்கள்? ஒயர் வாசலில் கிடந்ததே, பிள்ளைகள் ஓடுமே. மனம் திரும்பி வந்தபோது தொழுகையில் அவன் எங்கே நின்றுகொண்டிருந்தான் என்பது தெரியவில்லை. சொன்னது இரண்டா, மூன்றா? குறைத்துச் சொன்னால் அத்தாவின் தொழுகை கெடும். கூட்டிச் சொன்னால், மூன்றாவதற்குப் பின் அவருக்காகக் கேட்க வேண்டிய துஆ விட்டுப்போகும். இரண்டையும் எடைபோட்டதில் நாக்கு ஒட்டிக்கொண்டது. யாரோ இருமினார்கள். “சுப்ஹானல்லாஹ்” என்று பின்னாலிருந்து நினைவூட்டினார்கள். அதுவும் எதற்கென்று விளங்கவில்லை.

தோளில் ஒரு கை பட்டது. ஹஜ்ரத் அவனை மெதுவாகப் பின்வரிசைக்கு நகர்த்திவிட்டு முன்னே போனார்.

“அல்லாஹு அக்பர்.”

மூன்றாவது. அந்தக் கணத்தில் ஃபராஸின் மனம் அசையாமல் நின்றது. துஆவின் ஒவ்வொரு சொல்லும் முழுதாக, வரிசை பிசகாமல் வந்தது. எண்ணும் பொறுப்பு இனி அவன் தலையில் இல்லை என்பதால் வந்தது. அது தெரிந்ததும் அழுகை முட்டியது.

அடக்கம் முடிந்து திரும்பியபோது வஜீஹா வாசலுக்கே வந்துவிட்டாள்.

“நீதான தொழ வெச்ச?”

“அவன்தான் வெச்சான்” என்றான் ஹஸன், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

“பாதி வரைக்கும்தான் க்கா.”

அவள் மீதியைக் கேட்கவில்லை. வந்தவர்களுக்கு டீ கலக்க உள்ளே போனாள்.