லிப்ட்காரர் படியேறுகிறார்

இருபத்தாறு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை ஏழாம் மாடிக்குப் போய் வந்த மனிதருக்கு இரண்டாம் மாடி வரைகூடப் படியேற வராது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் விஷயம் அதுதான். ஏறியதெல்லாம் லிப்ட்; இவர் அதற்குள் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கம்பிக் கதவை இழுத்துச் சாத்த வேண்டும், "கையை உள்ள வச்சுக்கோங்க" என்று சொல்ல வேண்டும், பித்தளைக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும், ஒவ்வொரு மாடி வந்ததும் அங்கே என்ன பிரிவு என்று உரக்க அறிவிக்க வேண்டும். அந்தக் காலத்து லிப்ட். ஆள் இல்லாமல் அசையாது. அலுவலகத்தில் அவருக்கு மேல்கீழ் என்று பேர். மரியாதை கொடுப்பவர்கள் 'மேல்கீழ் அண்ணே' என்பார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அவருடைய தங்கைக்கு ஈரல் கெட்டுப்போயிருந்தது. குடித்துக் கெட்டதல்ல. எப்போதோ வந்த காமாலை உள்ளுக்குள்ளேயே தங்கி, சத்தமில்லாமல் அரித்துவிட்டது. வயது நாற்பத்திரண்டு, பத்தாவது படிக்கிற மகள் இருக்கிறாள்; ஆனாலும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். கண்ணின் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் இப்போது மஞ்சள்தான் இருந்தது. சொந்தத்தில் யாராவது ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால் பிழைப்பாள், கொடுத்தவருக்கு மிச்சம் வளர்ந்துவிடும் என்றார்கள். மாப்பிள்ளைக்கு ரத்த வகை சேரவில்லை. அண்ணனுக்குச் சேர்ந்தது. மனிதர் அன்றைக்கே சட்டையைக் கழற்றிவிட்டு மேசையில் ஏறிப் படுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்.

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க ஈரல்லயே கொழுப்பு ஏறிக் கிடக்கு. இதை எடுத்து அவங்களுக்கு வச்சா வேலை செய்யாது. உங்களுக்கும் ஆபத்து."

எட்டுக் கிலோ குறைய வேண்டும். மூன்று மாசம் தவணை. அதற்கு மேல் பாப்பா தாங்க மாட்டாள் என்பதை டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். மாத்திரை ஏதாவது உண்டா என்று இவர் கேட்டார். நடப்பதும் தட்டைக் குறைப்பதும்தான் மாத்திரை என்று பதில் வந்தது.

சொல்வது சுலபம். எப்போது நடப்பது? காலையில் இரண்டு பஸ் மாறி வேலைக்கு வர வேண்டும். சாயந்திரம் இன்னொரு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய், மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பாப்பா பக்கத்தில் உட்கார வேண்டும். வீடு திரும்பும்போது உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். நாள் பூராவும் உட்கார்ந்தே இருந்தவனுக்கு எப்படி இவ்வளவு களைப்பு என்று அவர் மனைவிக்கே ஆச்சரியம். ஆடாமல் அசையாமல் இருந்து வருகிற அசதி ஒன்று உண்டு. தூங்கி எழுந்தாலும் அது போகாது.

காலையில் பதினோரு மணிக்கு அலுவலகத்தில் கூட்டம் கொஞ்சம் ஓயும். அந்த நேரம் பார்த்து மேல்கீழ் ஒரு காரியம் செய்தார். இருபத்தாறு வருஷத்தில் செய்யாத காரியம். அலமாரியில் கிடந்த 'லிப்ட் பழுது' பலகையைத் தூசி தட்டிக் கம்பிக் கதவில் மாட்டிவிட்டு, பக்கத்துப் படிக்கட்டில் கால் வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் 'அடடா, என்ன தியாகம்' என்று ஆளாளுக்குத் தோளில் தட்டுவார்கள். நாளைக்கு எடை குறையாமல் போனால் அதே ஆட்கள்தான் உச்சுக்கொட்டுவார்கள் என்று பயம்.

ஆழம் தெரியாமல் காலை விட்டார். மாடிக்கு இருபத்திரண்டு படி வீதம் ஏழாம் மாடிக்கு நூற்றைம்பத்து நாலு. தங்கச்சி உயிர் ஊசலாடும்போது ஒண்ணு ரெண்டு என்று எண்ணிக்கொண்டா இருப்பான் அண்ணன்? முதல் நாளே ஏழு மாடியும் ஏறினார், இரண்டு தடவை. கண் இருட்டியது, நெஞ்சு தொண்டைக்கு வந்தது. ஏறியது மட்டுமா? லிப்ட் கீழே நிற்கிறது, லிப்ட்காரர் மேலே நிற்கிறார்; இறங்கியும் ஆக வேண்டும். அதுவும் இரண்டு தடவை. போதாக்குறைக்கு மத்தியானம் சாப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் வலது முழங்கால் வீங்கி, பஸ் படியில் ஏறவே இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியதாயிற்று. மூன்று மாசத்தில் பத்து நாள் போயிற்று. அந்தப் பத்து நாளும் முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, தன்னைத் தானே திட்டிக்கொண்டு மேலும் கீழும் போய்வந்தார். திட்ட வேண்டியதுதான். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். எல்லாரும் பிசியோ அம்மா என்பார்கள். ஒரு நாளைக்கு நாற்பது பேர் கையையும் காலையும் தூக்கி விட்டு அவளே ஓய்ந்துபோயிருந்தாள். இவருடைய முழங்காலை அமுக்கிப் பார்த்தாள், கதையைக் கேட்டாள். சிரிக்கவில்லை, அதுவே பெரிய உதவி.

பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை அவள். முதல் வாரம் ஒரே ஒரு மாடி. வாரத்துக்கு அரை மாடிதான் கூட்ட வேண்டும். உடம்பு தயார் என்றால் பிறகு கொஞ்சம் வேகமாகக் கூட்டலாம். ஏறுவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் சமதளத்தில் நடை. வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. பலம் வேலை செய்யும்போது வருவதில்லை, ஓய்கிறபோதுதான் வருகிறது. பட்டினி கூடாது, தட்டில் பாதி காய்கறி, மீதியில் கொஞ்சம் குறை. ஒரு நாள் மலையேறிவிட்டு ஒரு வாரம் படுத்தால் சல்லிக்காசு பிரயோசனமில்லை, தினமும் செய்கிற சின்னதுதான் பெரியது என்றாள்.

"சரியான வேகம்னு எப்படிம்மா கண்டுபிடிக்கறது?" என்று கேட்டார்.

"ஏறும்போது பேச முடியணும். பாட முடியக் கூடாது. பாட வந்துச்சுன்னா சோம்பேறித்தனம். பேச்சே வரலன்னா முட்டாள்தனம்."

மேல்கீழுக்குப் பேசத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பதினோராம் நாள் பலகையை மாட்டிவிட்டு, படிக்கட்டில் நிதானமாக ஏறிக்கொண்டே அதையே சொன்னார். "ஒண்ணு... பதிவறை." மூச்சு வாங்கியது. அன்றைக்கு அவ்வளவுதான். இரண்டாம் வாரம், படி திரும்புகிற இடம் வரை. மூன்றாம் வாரம் "ரெண்டு... கணக்கு." கையில் கைப்பிடி இல்லை, முன்னால் கதவு இல்லை, படிக்கட்டுச் சுவரைப் பார்த்து மாடிகளை அறிவித்துக்கொண்டு ஒருவர் போகிறார் என்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அண்ணனுக்கு மறை கழன்றுவிட்டது, லிப்ட் இல்லாத இடத்திலும் லிப்ட் ஓட்டுகிறார் என்று கணக்குப் பிரிவில் பேசிச் சிரித்தார்கள்.

சிரித்தவர்களும் ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது. தினமும் பதினோரு மணிக்கு லிப்ட் பழுதானால் வேறென்ன வழி? திட்டிக்கொண்டே ஏறினார்கள். மெக்கானிக் இரண்டு தடவை வந்தார். லிப்ட் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாலரைக் கிலோ இறங்கியது. அப்புறம் தராசு முள் சண்டித்தனம் செய்தது. ஏழாவது வாரம், எட்டாவது வாரம், அப்படியே நின்றது. தட்டைப் பார்த்தால் வெறுப்பாக இருந்தது, படியைப் பார்த்தால் அழுகை வந்தது. பாப்பாவுக்குக் கால் வீங்கி, பேச்சும் குளறத் தொடங்கியிருந்தது. ஒரு சாயந்திரம் அண்ணனை உற்றுப் பார்த்துவிட்டு, "இளைச்சுட்டியேண்ணே. வேண்டாம் விடு" என்றாள். கோபம் வந்துவிட்டது இவருக்கு. இளைக்கத்தானே நான் உயிரை விடுகிறேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை, போர்வையை இழுத்துக் காலை மூடிவிட்டார். மறுநாள் காலையில் முடியவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பதினொன்று அடித்தது. ஐந்து நிமிஷம் கழித்து எழுந்தார். அவ்வளவு அலுப்போடு யாரும் ஒரு பலகையை மாட்டியிருக்க மாட்டார்கள்.

அன்றைக்குத்தான் மாட்டிக்கொண்டார். "மூணு... வரி" என்று சொல்லிக்கொண்டே திரும்பினால், மூன்றாம் மாடிப் படியில் ஒரு பெரியவர் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஆறாம் மாடிக்குப் போக வேண்டுமாம். ஆறாம் மாடி புகார்ப் பிரிவு. அதை அங்கே கொண்டுபோய் வைத்தவன் கெட்டிக்காரன்தான்.

"லிப்ட் ரிப்பேர்னு போட்டிருக்கு தம்பி. பாதி வந்துட்டேன். இனி ஏறவும் முடியல, இறங்கவும் முடியல."

மேல்கீழுக்குச் சுருக்கென்று தைத்தது. தங்கச்சிக்காக என்று மாட்டிய பலகை யாரைக் கொண்டுவந்து எங்கே உட்கார வைத்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் எத்தனை பேர் இப்படி உட்கார்ந்தார்களோ! இறங்கினார், பலகையைக் கழற்றினார், லிப்டை மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்தார், பெரியவரைத் தாங்கிப் பிடித்து முக்காலியில் உட்கார வைத்தார். ஆறாம் மாடியில் கதவைத் திறந்தால் எதிரே நிர்வாக அதிகாரி. கனத்த மனிதர். கீழிருந்து படியேறி அப்போதுதான் வந்து, இடுப்பில் கைவைத்து இரைத்துக்கொண்டிருந்தார்.

பழுதான லிப்ட் ஓடி வந்து நிற்பதை அவர் பார்த்தார். பெரியவர் இறங்கிப் போகும்வரை பொறுத்தார். பிறகு கேட்ட கேள்வியில் மரியாதை ஒன்றும் இல்லை. எத்தனை நாளாக இந்த நாடகம், சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்பட்டுமா என்றார்.

மேல்கீழ் முக்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"என் தங்கச்சிக்கு ஈரல் கொடுக்கணும் சார். இன்னும் மூணரைக் கிலோ இருக்கு. ஒரு மாசந்தான் இருக்கு. எனக்கு வேற நேரம் இல்ல. அதான் ஏறுறேன்."

அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் மேல்கீழுக்கு ஒரு மெமோ வந்தது: பொய்ப் பலகை மாட்டியதற்குக் கடும் எச்சரிக்கை. கூடவே சுவரில் ஒட்ட ஓர் அறிவிப்பும் வந்தது: பதினொன்று முதல் பதினொன்றரை வரை லிப்ட் ஓடாது, ஏற முடியாதவர்கள் மணி அடிக்கவும். அடியும் கொடுத்தார், அரை மணி நேரமும் கொடுத்தார். இரண்டும் ஒரே பேனாவில்.

மணி அடித்தால் மேல்கீழ் எந்த மாடியில் இருந்தாலும் இறங்கி வந்தார். திரும்ப முதல் படியிலிருந்து ஏறினார். அதனாலோ என்னவோ முள் அசைந்தது. பன்னிரண்டாவது வாரம், வேகத்தைக் கூட்டாமல், ஒரே மூச்சில், "ஏழு... இயக்குநர் அலுவலகம்" என்று முழுசாகச் சொன்னார். கேட்க ஆளில்லை. மேல்படியில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு இறங்கினார். மொத்தம் ஏழே முக்கால் கிலோ. டாக்டர் புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மறுபடியும் பார்த்து, கால் கிலோவைப் பற்றிப் பேசாமல் தேதி குறித்தார்.

அறுத்தார்கள், எடுத்தார்கள், வைத்தார்கள். நினைவு வந்து மூன்றாம் நாள் மேல்கீழை எழுப்பி நடக்கச் சொன்னபோது, கட்டிலிலிருந்து கதவு வரை போகவே அவருக்கு மூச்சு முட்டியது. மூன்று மாசமாகப் படிப்படியாகச் சேர்த்த மூச்சு எங்கே போனதென்றே தெரியவில்லை. அப்படித்தான், அது பூட்டிவைக்கிற சொத்தா என்ன, விட்டால் போய்விடும், மறுபடி ஏறுங்கள் என்றாள் பிசியோ அம்மா. அவளுக்கு அன்றைக்கு இன்னும் முப்பத்தொன்பது பேர் இருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் பாப்பாவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். நடந்தால்தான் நெஞ்சில் சளி கட்டாது, தேறுவாள் என்று நர்சுகள் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முடியல. நாளைக்குப் பார்க்கலாம்" என்றாள். புருஷன் கெஞ்சினான், மகள் கெஞ்சினாள். அசையவில்லை.

அண்ணன் வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பக்கத்து வார்டிலிருந்து மெல்ல வந்தார். அந்த வாக்கியம் அவருக்கு நன்றாகத் தெரியும். முக்காலியில் உட்கார்ந்து அவரே சொன்னதுதான். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய மருந்துப் பாட்டில் தொங்குகிற கம்பத்தை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

"கையை உள்ள வச்சுக்கோ பாப்பா. லிப்ட் கிளம்புது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கத் தெம்பில்லை, ஆனால் கால் தரையில் ஊன்றியது. ஓரடி, இன்னோரடி. இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு வாசல் வரை வந்தார்கள். எட்டே அடி. இருவருக்கும் இரைத்தது.

"ஒண்ணு... பதிவறை" என்றார் அண்ணன்.

"ஏழு வரைக்கும் போகணுமாண்ணே?"

"இன்னிக்கு ஒண்ணு போதும். நாளைக்கு ஒண்ணரை."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இருவரும் நின்றார்கள். ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. கண்ணில் மஞ்சள் பாதிக்கு மேல் வடிந்திருந்தது. மிச்சமிருந்ததையும் அவர் பார்த்தார். பிறகு, திரும்பிக் கட்டிலுக்கும் நடந்தே போக வேண்டும் என்பது நினைவுக்கு வந்து, இருவரும் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்கள்.