பதினோரு நிமிடக் கதவு

எங்கள் பதிப்பகத்தில் ஒரு புத்தக அட்டைக்கு இருபது நிமிடம். அதற்கு மேல் போனால் முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று தொண்டையைச் செருமுவார். ஏழு வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம் அட்டைகள் செய்துவிட்டேன். எதற்காகவும் பெருமைப்பட்டதில்லை. ஒன்றே ஒன்றுக்காக வெட்கப்பட்டிருக்கிறேன். அதைப் பதினோரு நிமிடத்தில் முடித்தேன். என் அக்கா எழுதிய நாவல் அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அக்கா வீட்டை விட்டுப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. போனாள் என்று சொல்வது எனக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். ஏற்கனவே ஒரு குழந்தை இருந்தவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக அவள் சொன்னாள். அப்பா ஒரு வாரம் கத்தினார், மறு வாரம் பேச்சையே நிறுத்தினார். ஒரு மாலை, பதிவுத் திருமணம் செய்துவிட்டு அவள் தனியாக வந்து கதவைத் தட்டினாள். அப்பா நாற்காலியில் இருந்தபடியே, "திறக்காதே" என்றார். எனக்குப் பதினாறு வயது. என் கை தாழ்ப்பாளில் இருந்தது. "சுண்டெலி, நான்தான்டா, திற" என்றாள். அம்மா இறந்த பிறகு எனக்குத் தலை வாரிவிட்டவள், சோறு ஊட்டியவள், பள்ளிக்கூடத்தில் எனக்காகச் சண்டை போட்டவள். இரண்டு முறை கூப்பிட்டாள். நான் திறக்கவில்லை. பிறகு அவள் செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போனது.

அன்றிலிருந்து அவளை நினைக்காமல் ஒரு நாளும் போனதில்லை. பேருந்தில் யாராவது பின்னலை முன்னால் எடுத்துப் போட்டால் முகத்தை எட்டிப் பார்ப்பேன். நான்கு வருடத்துக்கு முன்னால் அப்பா இறந்தபோது அவளுக்குச் சொல்ல என்னிடம் முகவரி இல்லை. இருந்திருந்தாலும் என்ன முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிட்டிருப்பேன் என்பது வேறு விஷயம்.

எங்கள் அலுவலகம் ஓர் அச்சகத்துக்கு மேலே, இரண்டே அறை. கீழே இயந்திரம் ஓடினால் என் மேசையில் டம்ளர் தண்ணீர் நடுங்கும். முன் அறையில் முதலாளி. பின் அறையில் நானும் பிழை திருத்துபவரும், கூரை வரைக்கும் புத்தகக் கட்டுகளும். பிழை திருத்துபவரைப் பூதக்கண்ணாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அது கையில் இல்லாமல் அவர் சாப்பாட்டைக்கூடப் பார்ப்பதில்லை. அந்தக் கட்டடத்தில் புத்தகம் படிக்கும் ஒரே ஆள் அவர்தான். முதலாளிக்குப் படிக்க நேரமில்லை. நான் படிக்கவே கூடாது. "அட்டைக்காரன் கதை படிக்க உக்காந்தான்னா கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்" என்பார் முதலாளி.

எனக்கு வருவது ஒரு துண்டுச் சீட்டு. அதில் தலைப்பு, எழுதியவர் பெயர், வகை, முதலாளிக்குத் தோன்றிய இரண்டொரு சொல். 'சமையல். பளிச்சென்று.' 'கவிதை. நிலா வேண்டாம், போன வாரம்தான் போட்டோம்.' கணினியில் 'இலவசம்' என்று ஒரு கோப்புறை இருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத அறுநூற்று நாற்பது படங்கள். அவற்றை இடம் வலமாகத் திருப்புவேன், நிறத்தை மாற்றுவேன், ஒரு மூலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்குவேன். ஒரே சூரியன் சர்க்கரை நோய்ப் புத்தகத்தில் உதித்துக் காதல் கவிதைகளில் மறைந்திருக்கிறது. இதுவரை எந்த வாசகரும் சண்டைக்கு வரவில்லை.

அந்த நாவலின் சீட்டும் இப்படித்தான் வந்தது. 'உள்ளே இருப்பது யார். நாவல். குடும்பம், சோகம்.' எழுதியவர் பெயருக்குப் பதில் ஏதோ ஒரு புனைபெயர். அன்றைக்கு எட்டு அட்டைகள் முடிக்க வேண்டும், இது ஐந்தாவது. தலைப்பைப் பார்த்ததும் 'கதவு' என்று தேடினேன். இரண்டு படங்கள் வந்தன. திறந்த கதவை முந்தின வாரம்தான், வீடு கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை பற்றிய புத்தகத்துக்குப் போட்டிருந்தேன். மிச்சம் இருந்தது மூடிய கதவு. உள்பக்கம் இருந்து எடுத்த படம், குறுக்கே கனமான இரும்புத் தாழ்ப்பாள். சோகம் வேண்டும் என்றாரே என்று கொஞ்சம் நீலத்தைக் கூட்டினேன். தாழ்ப்பாளுக்குக் கீழே தலைப்பு நன்றாக உட்கார்ந்தது. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. சாமி சத்தியமாகத் தோன்றவில்லை. ஆயிரம் படத்தை வெட்டி ஒட்டியவனுக்குப் படம் என்பது வெறும் படம்தான்.

எழுதியவருக்கு அட்டையின் நகலை அனுப்பி ஒப்புதல் வாங்குவது எங்கள் வழக்கம். பெரும்பாலும் அந்தத் தாளில் பெரிய போராட்டமே நடந்திருக்கும். என் பெயரைப் பெரிதாக்கு, என் படத்தை முன்னால் போடு, மஞ்சள் எனக்கு ஆகாது. இந்தத் தாள் மட்டும் இரண்டே நாளில், ஒரு திருத்தம்கூட இல்லாமல் திரும்பி வந்ததில் முதலாளி மகிழ்ந்துபோனார். "இந்த மாதிரி பத்து பேர் இருந்தா போதும்பா, நான் நிம்மதியா இருப்பேன்" என்றார். நான் அடுத்த அட்டையில் இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், பூதக்கண்ணாடி கீழே இருந்து வந்திருந்த புதுப் புத்தகக் கட்டின் மேல் சாய்ந்துகொண்டு அந்த நாவலின் அட்டையை உற்றுப் பார்த்தார்.

"நல்லாத்தான் போட்டிருக்க. ஆனா உனக்குக் கல்நெஞ்சுப்பா."

"ஏன் சார்?"

"கதையில கடைசியா அந்தத் தம்பி கதவைத் திறந்துடுறான். நீ என்னடான்னா தாழ்ப்பாளைப் போட்டு வச்சிருக்க."

"நான் எங்க சார் கதையைக் கண்டேன்?"

"அதுவும் சரிதான். ஆனா படி, நல்ல எழுத்து. அந்தத் தம்பிப் பயலை அவ கூப்பிடுற பேரு இருக்கே, எனக்குச் சிரிப்பு தாங்கலை. சுண்டெலியாம்!"

கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் கட்டைப் பிரித்து ஒரு பிரதியை உருவினேன். மூன்றாம் பக்கத்தில் எங்கள் வீடு இருந்தது. கைப்பிடி உடைந்த அலமாரியும், அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் நின்றுபோன கடிகாரமும் இருந்தன. இருட்டுக்குப் பயந்து அக்காவின் போர்வைக்குள் நுழைந்துகொள்ளும் ஒரு பொடியன் இருந்தான். முதலாளி இரண்டு முறை வந்து செருமினார். நான் தலை தூக்கவில்லை. ஏழு வருடத்தில் முதல் முறையாக, அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தை முழுவதுமாகப் படித்தேன்.

கடைசிப் பகுதியில் அவள் வந்து தட்டுகிறாள். அப்பா திறக்காதே என்கிறார். தம்பி திறந்துவிடுகிறான். செருப்புகூடப் போடாமல் அவள் பின்னாலேயே ஓடிப் போய்க் கையைப் பிடித்துக்கொள்கிறான். நான் செய்யாததை எல்லாம் அவன் செய்கிறான். பன்னிரண்டு வருடத்தில் ஒருவர்கூட என்னை அவ்வளவு நல்லவனாக நினைத்ததில்லை. அப்படி ஒரு புத்தகத்தின் மேல்தான் நான் தாழ்ப்பாளைப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

எழுந்து நேராக முதலாளியிடம் போனேன்.

"அந்த நாவலோட ஃபைல் வேணும்."

"எதுக்கு? அதான் அச்சாகி வந்துடுச்சே."

"அட்டையை மாத்தணும்."

"உனக்கென்ன பைத்தியமா? எழுதினவங்களே சரின்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க. நடுவுல நீ யாரு?"

"அவ தம்பி."

அவர் உடனே ஃபைலை எடுத்துக் கொடுத்தார். மேலே ஒரு கடிதம் இருந்தது. அந்தக் கையெழுத்தை எங்கு பார்த்தாலும் எனக்குத் தெரியும், என் வீட்டுப் பாடங்களில் பாதி அதில்தான் இருக்கும். உங்கள் சமையல் புத்தகம் ஒன்றில் அட்டை செய்தவர் பெயரைப் பார்த்தேன் என்று ஆரம்பித்திருந்தாள். இந்த நாவலுக்கு அட்டையை அவர்தான் செய்ய வேண்டும், முழுவதும் படித்துவிட்டு மனதில் படுவதைச் செய்யட்டும், நான் கேட்பது அது ஒன்றுதான் என்று முடித்திருந்தாள்.

"இதை ஏன் எங்கிட்ட காட்டலை?"

"இதுல காட்ட என்னப்பா இருக்கு? நீதான் செய்யணும்னு கேட்டிருக்காங்க. இங்க நீ ஒருத்தன்தானே இருக்க, வேற யாரு செய்யப் போறா?"

அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. கடிதத்துக்குக் கீழே ஒப்புதல் தாள் இருந்தது. அதில் ஒரே வரி. 'செய்தவர் மனதுப்படியே இருக்கட்டும்.' என் பதில் என்று நினைத்து அந்தக் கதவை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இரண்டாவது முறையும் நான் திறக்கவில்லை என்று நினைத்திருக்கிறாள்.

தாளின் அடியில் தொலைபேசி எண் இருந்தது. பின் அறைக்குப் போய், புத்தகக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழைத்தேன். நாலாவது மணியில் எடுத்தாள். குரல் கொஞ்சம் தடித்திருந்தது, மற்றபடி அதே குரல்.

"அக்கா, அந்த அட்டை..."

ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"சுண்டெலியா?"

"ஆமாக்கா."

"அட்டையைப் பாத்தேன்." ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். "உன் இஷ்டம்டா. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கலை. நான்தான் ரொம்ப ஆசைப்பட்டுட்டேன். நீ நல்லா இருந்தா சரி."

"ஐயோ அக்கா, நான் படிக்கவே இல்லை."

"என்னது?"

"படிக்காமத்தான் அட்டை போட்டேன். இங்க யாரும் படிக்க மாட்டோம், ஒரு சீட்டுதான் வரும். நீ எழுதினதுன்னே தெரியாது, உன் லெட்டரை எங்கிட்ட காட்டவே இல்லை. பதினோரு நிமிஷத்துல போட்டதுக்கா அது. திறந்த கதவு இருந்துச்சு, ஆனா அதை வீடு கட்டுற புத்தகத்துக்குக் குடுத்துட்டேன்."

வேறு எந்த எழுத்தாளராக இருந்தாலும் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்.

"ஒரு வரிகூடப் படிக்கலையா?"

"ஒரு வரிகூட இல்லை."

"சத்தியமா?"

"சத்தியமாக்கா."

அக்கா அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். "நல்லவேளைடா" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நல்லவேளை நீ படிக்கலை" என்று திரும்பவும் சொன்னாள்.

"இப்பதான் படிச்சேன், முழுசா. அதுல அவன் திறந்துடுறான். நான் திறக்கலையேக்கா."

"தெரியும்டா. கதவுக்கடியில உன் காலு தெரிஞ்சுது. ரெண்டும் நடுங்கிட்டு இருந்துச்சு. அதைப் பாத்ததுக்கப்புறம்தான் நான் தட்டுறதை நிறுத்தினேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவளே பேசினாள்.

"அப்பா போனது தெரிஞ்சுதான் வந்தேன். தெருமுனை வரைக்கும் வந்துட்டேன். வாசல்ல நீ நின்னுட்டு இருந்த, நல்லா வளந்துட்ட. எதுக்கு வந்தேன்னு நீ கேட்டுடுவியோன்னு பயம். அப்படியே திரும்பிப் போயிட்டேன்."

அன்றைக்கு வந்தவர்களில் ஒவ்வொரு முகமாக நான் தேடிக்கொண்டிருந்தேன். இன்னும் நூறு அடி நடந்து போய்ப் பார்த்திருக்கலாம். அவளுக்குக் கேட்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிறகு, அவளுக்குக் கேட்டால்தான் என்ன என்று கையை எடுத்துவிட்டேன். அவள் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் அங்க வரட்டுமா?"

"கேட்டுட்டு வர்ற வீடாடா இது?" என்றாள்.